தீப்பிடித்த காரணம்

கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி போகிற ரோட்டில் இருந்த ஷரீப் ராவுத்தரின் அட்டைப்பெட்டிக் குடோன் எரிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து அதுவரை வந்தவை நாலு கடிதங்கள். நாலிலும் ஒரே கேள்வி. தீப்பிடித்த காரணம் என்ன?

நாலாவது கடிதத்தை அவர் வாசலில் நின்றபடியே பிரித்தார். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர்தான். ஆனால் இந்த ஒரு வரியை இப்போது எழுத்துக் கூட்டாமலே அவரால் வாசிக்க முடிந்தது. உள்ளேயிருந்து மனைவி லத்திபா என்னவாம் என்று கேட்டதற்கு, அதேதான் என்றார். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பின்பக்கம் போனார்.

பின்பக்கம் குடோன் இருந்த இடத்தில் கரிபிடித்த நாலு சுவர்கள் நின்றன. கூரை இல்லாததால் உள்ளே எருக்கு முளைத்திருந்தது. ஒரு மூலையில் தார்ப்பாய் கட்டி, அதற்குக் கீழே இருநூறு முந்நூறு பெட்டி அடுக்கி வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. முன்பெல்லாம் திராட்சை வெட்டு சமயத்தில் ஒரு நாளைக்கு நாலாயிரம் பெட்டி போகும். காமயகவுண்டன்பட்டி, கூடலூர், அணைப்பட்டித் தோட்டங்களில் விடிந்ததும் வெட்டு தொடங்கினால், அதற்கு முன்பே பெட்டி போய் இறங்கியிருக்க வேண்டும். தட்டையாக வருகிற அட்டையை மடித்து, அடியில் பின் அடித்து, காகிதத் துருவல் போட்டு அடுக்க நாலு பெண்கள் இருந்தார்கள். பன்னீர் திராட்சை மென்மையான சரக்கு. அடியில் மெத்தை சரியில்லை என்றால் கேரளா போய்ச் சேரும்போது பாதி சாறாக ஒழுகிவிடும். அந்த நாலு பேரில் மூத்தவள் முருகம்மாள். இருபத்திரண்டு வருடமாக இங்கேதான் வேலை. இப்போது தோட்டங்களில் திராட்சைக் கொத்துக்குப் பிஞ்சு கழிக்கிற கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள். மத்தியானத்துக்கு மேல் வந்து நூறு பெட்டி மடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவாள்.

தீப்பிடித்தது போன ஆனி மாதம். உத்தமபாளையத்தில் சொந்தக்காரர் வீட்டு நிக்காஹ். அன்றைக்குப் பார்த்துக் கம்பத்தில் மாதாந்திர மின்தடை. காலையில் போன கரண்ட் சாயங்காலம் ஐந்து மணிக்கு வர வேண்டியது, வேலை சீக்கிரம் முடிந்து இரண்டு மணிக்கே வந்துவிட்டது. மேற்கு மலையிலிருந்து இறங்குகிற காற்று அந்த மாதத்தில் தகரத்தையே பிடுங்கும். ரோட்டில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள்தான் முதலில் புகையைப் பார்த்தார்கள். தீயணைப்பு வண்டி இருபது நிமிடத்தில் வந்தது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. குடோன் பூட்டிக் கிடந்ததால் ஆளுக்குச் சேதமில்லை. ஷரீப் மண்டபத்தில் பிரியாணியில் கை வைத்த நேரம் போன் வந்தது. கை கழுவாமலே வண்டியேறி வந்தார்.

தீயணைப்பு நிலையத்தில் கொடுத்த தாளில் மின்கசிவாக இருக்கலாம் என்று எழுதியிருந்தது. மின்வாரியத்தில் கேட்டதற்கு, மீட்டர் வரைக்கும் தங்கள் லைனில் குறை இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். தேனியிலிருந்து வந்த சர்வேயர் மெயின் ஸ்விட்ச்சைக் கழற்றிப் பார்த்தார். வயரிங் இரண்டு வருடம் முன்புதான் மாற்றியது, அதிலும் குறை இல்லை. அப்படியானால் தீ எங்கிருந்து வந்தது? காரணம் எழுதுகிற கட்டம் காலியாகவே நின்றது. காலியாக இருக்கிற கட்டத்தை ஊர் நிரப்பியது. சீசன் படுத்துவிட்டது, சரக்கு தேங்கிவிட்டது, இன்சூரன்ஸ் பணத்துக்காகப் பாயே கொளுத்தியிருப்பார் என்று டீக்கடையில் பேசினார்கள். ஷரீப் அந்தக் கடைக்குப் போவதை விட்டுவிட்டார்.

காரணம் அவருக்குத் தெரியும். எரிந்த மறுநாளே தெரியும்.

குடோனின் மூலையில் பலகை அடைத்த சின்ன அறை ஒன்று இருந்தது. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு பிளக். அதன் சாவி ஒன்று அவரிடமும், இன்னொன்று பேத்தி யாஸ்மினிடமும் இருந்தது. யாஸ்மின் மகள் நசீமாவின் பெண், ப்ளஸ் ஒன். இரண்டு தெரு தள்ளி வீடு. அங்கே டிவி சத்தம், இங்கே அமைதி என்று சொல்லிப் பள்ளிக்கூடம் விட்டதும் நன்னா குடோனுக்கு வந்துவிடுவாள்; தாத்தாவை அவள் நன்னா என்றுதான் கூப்பிடுவாள். படிப்பாள், தூங்குவாள், நன்னாவோடு வாயாடுவாள். சனிக்கிழமைதோறும் இருவரும் அவளுடைய போனில் மலையாளப் படம் பார்ப்பார்கள். குமுளிக்கு முப்பது வருடம் சரக்கு கொண்டுபோனவர் அவர். மலையாளம் தண்ணீர்பட்ட பாடு. ஆனாலும் படத்தில் இளவட்டங்கள் பேசுவது அவருக்கு விளங்காது. அவள் படமாகப் பார்த்தே கற்றுக்கொண்டவள். அவருக்கு விளக்கிச் சொல்லிவிட்டுச் சிரிப்பாள்.

சாம்பலைக் கிளறிய அன்று, அந்த மூலையில் இடுக்கி மாதிரி ஒன்று கிடந்தது. இரண்டு தட்டையான உலோகத் தகடுகள், முனையில் உருகிய வயர். ஷரீபுக்கு அது என்னவென்று தெரியவில்லை. கூட நின்ற முருகம்மாள் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். சுருட்டை முடியை நேராக்குகிற மெஷின், தன் மகனுடைய பிள்ளையும் ஒன்று வைத்திருக்கிறது என்று மெதுவாகச் சொன்னாள். யாஸ்மினுக்குச் சுருட்டை முடி. அதை நசீமா இழுத்து இழுத்துப் பின்னும்போது அவள் போடுகிற சண்டை தெருவுக்கே கேட்கும். ஷரீப் அதை வாங்கி, வளைந்த ஆணிகளோடும் தகரத்தோடும் பழைய இரும்புச் சாக்கில் போட்டார். சர்வேயர் வருவதற்கு முதல்நாளே சாக்கு எடைக்குப் போய்விட்டது.

அன்றிலிருந்து யாஸ்மின் வருவது நின்றுபோனது. பரீட்சை என்றாள், டியூசன் என்றாள், தலைவலி என்றாள். பெருநாளைக்குக்கூட எல்லோரோடும் வந்து, பாயசத்தை வாயில் ஊற்றிக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பினாள். ஷரீப் அவள் வீட்டுக்குப் போனால் அறைக் கதவு சாத்தியிருக்கும். அவளுடைய அத்தா, நசீமாவின் கணவர் ஆசாத், குமுளி எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றுகிற ஜீப் ஓட்டுபவர், வயசுப் பிள்ளைகள் அப்படித்தான் மாமா என்று சமாதானம் சொல்வார்.

அதனால் ஷரீப் போனைப் பிடித்துக்கொண்டார். தினமும் காலை ஏழு மணிக்கு அவளுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். பெரிதாக விஷயம் ஒன்றும் இருக்காது. மேகமலையில் மேகம் பாதி மலைக்கு இறங்கிக் கிடக்கிறது. சுருளி அருவியில் தண்ணீர் கூடியிருக்கிறதாம். உன் நன்னி இன்றைக்கு இடியாப்பத்துக்கு உப்புப் போட மறந்துவிட்டாள், சொன்னால் கோபம் வருகிறது. இப்படி ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். அவள் கேட்பாள், கேட்ட அடையாளமாக இரண்டு நீலக் கோடு விழும். பதில் வராது. எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட அவர் விடவில்லை. குடோனைப் பற்றியும் இன்சூரன்ஸைப் பற்றியும் அதில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

நாலாவது கடிதத்துக்குப் பின்னாலேயே மதுரையிலிருந்து கர்ணன் என்று ஒருவர் வந்தார். கம்பெனி அனுப்பிய விசாரணை ஆள். ஒரு செவ்வாய்க்கிழமை முழுக்கக் கரிச் சுவர்களைச் சுற்றிச் சுற்றி வந்து படம் பிடித்தார். குடோனின் பின்சுவரை ஒட்டி மூன்று கல் கூட்டிய அடுப்பு இருந்தது. அதைப் பார்த்ததும் நின்றார். அது முருகம்மாள் பால் சேர்க்காத கட்டஞ்சாயா போடுகிற அடுப்பு. கல்யாணத்தன்று காலையிலும் ஒரு லோடு அனுப்பிவிட்டுச் சாயா போட்டுக் குடித்துவிட்டுத்தான் அவள் பத்து மணிக்குக் கிளம்பியிருந்தாள்.

கர்ணன் ஷரீபைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தணித்துப் பேசினார்.

"பாய், நான் உங்களுக்கு எதிரி இல்ல. ஃபைல் நிக்கிறது ஒரே ஒரு லைனுக்காகத்தான். அடுப்புல நெருப்ப அணைக்காம விட்டுட்டாங்க, காத்துல பொறி பறந்துச்சுன்னா முடிஞ்சு போச்சு. வேலையாள் கவனக்குறைவுக்கும் பாலிசில பணம் உண்டு. அந்தம்மா மேல கேஸ் கீஸ் எதுவும் வராது. ஒரு கையெழுத்துதான்."

ஷரீப் வாய் திறப்பதற்குள் முருகம்மாள் சொல்லிவிட்டாள். தார்ப்பாய்க்குக் கீழே பெட்டி மடித்துக்கொண்டிருந்தவளுக்கு எல்லாம் கேட்டிருந்தது.

"நாந்தேன் சார் அமத்தாமப் போயிட்டேன். எழுதிக்கங்க."

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு எழுத்தாகக் கொண்டுவருகிறேன் என்று கர்ணன் கிளம்பினார்.

அவர் போனதும் ஷரீபுக்குக் கோபம் வந்தது. அடுப்பில் தண்ணீர் ஊற்றாமல் நீ ஒரு நாளும் போனதில்லையே என்றார். முருகம்மாள் பின் அடிப்பதை நிறுத்தாமலே பேசினாள்.

"புள்ள பேரு வரவேணாம் மொதலாளி. நாளைக்கு ஒரு எடத்துல கட்டிக் குடுக்கணும். குடோனக் கொளுத்துன புள்ளன்னு எவளாச்சும் சொல்லுவா."

"ஒன் பேரு வரலாமா?"

"எனக்கென்ன, மாப்பிள்ளையா பாக்கப் போறாக?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பணம் வந்தால் கூரை போடலாம். நாலு பெண்களையும் திரும்பக் கூப்பிடலாம். டீக்கடையில் தலை நிமிர்ந்து உட்காரலாம். யாஸ்மினுக்கும் ஒன்றும் ஆகாது. எல்லாப் பக்கமும் சரியாகத்தான் இருந்தது. அன்று சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை. லத்திபா காரணம் கேட்டாள்; வெயில் என்றார்.

ஊரில் பேச்சு எப்படிப் பரவியதோ, புதன்கிழமை காலையில் முருகம்மாள் வேலைக்குப் போன தோட்டத்துக்கு அவளுக்கு முன்பே போயிருந்தது. பத்து மணிச் சாயாவுக்குச் சுள்ளி பொறுக்கப் போனவளைக் கங்காணி நிறுத்தி, நீ அடுப்புப் பக்கம் போகாதே தாயே, எங்களுக்குத் தோட்டம் வேண்டும் என்றான். மற்ற பெண்கள் சிரித்தார்கள். மத்தியானம் வந்து இதைச் சொன்னபோது அவளும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்று நூறு பெட்டி மடிக்கிறவள் நாற்பதோடு எழுந்து போனாள்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு ஷரீப் வழக்கம்போலப் போனை எடுத்தார். எதைச் சொல்வது என்று யோசிக்கவில்லை. மனதில் இருந்தது அதுதான், அது வந்துவிட்டது.

"ஆத்தா, இன்னைக்குக் காத்தே இல்ல. பனி நல்லா எறங்கிருக்கு. நேத்து முருகம்மாவ தோட்டத்துல அடுப்புப் பக்கம் வராதன்னு சொல்லிட்டாகளாம். குடோன் எரிஞ்சது தன்னாலதான்னு அது எழுதிக் குடுக்கப் போகுது. பதினோரு மணிக்குக் கர்ணன் சார் வாராக. நன்னாவுக்கு என்ன செய்யிறதுன்னு தெரியல, ஆத்தா."

அனுப்பிய பிறகுதான் என்ன செய்திருக்கிறோம் என்று உறைத்தது. அழிக்கலாம் என்று பார்த்தால் எங்கே தொடுவது என்று தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு இரண்டும் நீலமாகின. வழக்கம்போலப் பதில் இல்லை.

பதினோரு மணிக்குக் கர்ணன் வந்து தார்ப்பாய் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முருகம்மாள் நல்ல சேலை கட்டி வந்திருந்தாள். அவர் எழுதி வந்ததை வாசித்துக் காட்டினார். அவள் கைநாட்டு வைக்க மாட்டேன், எனக்குக் கையெழுத்துத் தெரியும் என்று சொல்லிப் பேனாவை வாங்கினாள். அப்போது சைக்கிள் ஒன்று வந்து சுவரில் சாய்ந்தது. யாஸ்மின் பள்ளிக்கூட உடுப்பிலேயே வந்திருந்தாள். வேர்த்து முகமெல்லாம் சிவந்திருந்தது. சுருட்டை முடி முக்காட்டை மீறி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது.

"முருகம்மாக்கா, வைக்காதீக," என்றாள். பிறகு கர்ணனைப் பார்த்தாள். "சார், அடுப்பு இல்ல. நாந்தேன்."

யாரும் கேட்காமலே வரிசையாகச் சொன்னாள். பெருநாளைக்கு நன்னா கொடுத்த காசைச் சேர்த்து, கூடப் படிக்கிற அனுஷ்கா மூலமாக ஆன்லைனில் ஸ்ட்ரெய்ட்னர் வாங்கியது. வீட்டில் தெரிந்தால் அம்மா உடைத்துப் போடுவாள் என்று குடோன் அறையில் வைத்திருந்தது. கல்யாணத்தன்று காலையில் அங்கே உட்கார்ந்து முடியை நேராக்கியது. பாதித் தலை முடிந்திருந்தபோது கரண்ட் போய்விட்டது. வேன் வந்துவிட்டது என்று அம்மா போனில் கத்தினாள். கோபத்தில் மெஷினை அட்டைக் கட்டின் மேல் போட்டுவிட்டு ஓடினாள். ஸ்விட்ச்சை அணைத்த நினைவு இல்லை; கரண்ட் திரும்பி வந்தால் அது சூடாகும் என்று தோன்றவும் இல்லை. மண்டபத்தில் எல்லோரும் கேட்டும் அன்று முழுக்க அவள் முக்காட்டை எடுக்கவில்லை.

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. பாடம் ஒப்பிக்கிற மாதிரி, ஒரு வார்த்தை விட்டுப்போனால் திரும்பத் தொடங்க வேண்டும் என்பது மாதிரி சொன்னாள்.

கர்ணன் முதல் தாளை ஓரமாக வைத்துவிட்டு வேறொரு தாள் எடுத்தார். எத்தனை மணி, எந்தப் பிளக், என்ன கம்பெனி என்று கேட்டு எழுதினார். கடைசியாக, அந்த மெஷின் எங்கே, சர்வேயர் படங்களில் அப்படி ஒன்றும் இல்லையே என்றார்.

யாஸ்மினுக்குத் தெரியவில்லை. முருகம்மாள் தரையைப் பார்த்தாள்.

"பழைய இரும்போட நாந்தேன் போட்டுட்டேன்," என்றார் ஷரீப். "மறுநாளே கெடச்சுச்சு."

யாஸ்மின் திரும்பி அவரைப் பார்த்தாள். எட்டு மாதமாக அவளைச் சரியாகப் பார்க்காத அவருக்கு அந்த முகம் கொஞ்சம் நீண்டு, நசீமாவின் சாயல் கூடியிருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. அவள்தான் முதலில் கண்ணைத் தாழ்த்தினாள். அதன்பிறகுதான் அழுதாள். முருகம்மாள் எழுந்து போய் அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

கர்ணன் நெற்றியைத் தடவிக்கொண்டார். அந்தத் தகட்டைச் சர்வேயர் கையில் கொடுத்திருந்தால் ஆடி மாதமே பணம் வந்திருக்கும் பாய் என்றார். வேண்டுமென்று வைத்த தீக்குத்தான் பணம் கிடையாது, பிள்ளை மறந்து வைத்ததற்கு உண்டு. எரிந்த அட்டைக்கும் கூரைக்கும் கிடைக்கும், அந்த மெஷினுக்கு மட்டும் கிடைக்காது. தடயத்தை மறைத்ததற்கு அவர் தனியாக ஒரு விளக்கம் எழுதித் தர வேண்டும். பெண்ணுக்குப் பதினாறு வயதுதான் ஆகிறது என்பதால் பெற்றவர்களும் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்தக் கடைசி விஷயத்தைக் கேட்டதும் யாஸ்மின் அழுகையை நிறுத்தினாள். நன்னாவும் பேத்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நசீமாவிடம் யார் சொல்வது?

இருவருமாகத்தான் போனார்கள். நசீமா மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்து முதலில் மகளைத் திட்டினாள். பிறகு, தெரிந்தும் சொல்லாமல் இருந்தீர்களே என்று அத்தாவைத் திட்டினாள். இரண்டாவது திட்டுத்தான் நீளமாக இருந்தது. ஊரெல்லாம் உங்களைத் திருடன் மாதிரிப் பேசியபோது நான் யார் யாரோடு சண்டை போட்டேன் தெரியுமா என்று கேட்டாள். பத்து நாள் அவரோடு பேசவில்லை. ஆனால் அந்தப் பத்து நாளும் மத்தியானம் அவளிடமிருந்து தூக்குவாளியில் மீன் குழம்பு வந்தது. கொண்டுவந்தவள் யாஸ்மின்.

முருகம்மாளுக்காக ஷரீப் ஒரு காரியம் செய்தார். மறுநாளே அந்தத் தோட்டத்துக்கு நடந்து போய், எல்லாப் பெண்களும் இருக்கும்போது, அடுப்பால் வந்த தீ இல்லை அது, எங்கள் வீட்டில் மறந்து வைத்த மெஷினால் வந்தது என்று கங்காணியிடம் சொன்னார். யார் மறந்து வைத்தது என்று கங்காணி கேட்டான். எங்கள் வீட்டில் என்றுதானே சொன்னேன் என்றார்.

வைகாசிக் கடைசியில் பணம் வந்தது. பழைய சரக்கு என்று கழித்தது, கூரைக்கு வயதாகிவிட்டது என்று கழித்தது எல்லாம் போக, கேட்டதில் முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. பத்து நாளில் கூரை வேலை ஆரம்பமானது. மறுபடி ஆனி. காற்று தொடங்கிவிட்டதால் கொத்தனார்கள் தகரத்தைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். ஒரு தகடு ஏறும்போது நாலு பேர் கீழே பிடிக்க வேண்டியிருந்தது. முருகம்மாளும் இன்னும் இரண்டு பெண்களும் திரும்பி வந்திருந்தார்கள். யாஸ்மின் ப்ளஸ் டூ போய்விட்டாள். அன்று ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்து பெட்டி மடிக்கிறேன் என்று உட்கார்ந்திருந்தாள்; அவள் மடித்ததில் பாதியை முருகம்மாள் பிரித்துத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் சுவர் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். லத்திபா புளிச்சோறும் பொரித்த முட்டையும் கொடுத்து அனுப்பியிருந்தாள். மேலே தகரத்தில் ஆணி அடிக்கிற சத்தம் நின்ற நேரத்தில் யாஸ்மின் கேட்டாள்.

"மறுநாளே தெரியும்ல நன்னா. அப்புறம் ஏன் எங்கிட்டக் கேக்கல?"

இந்தக் கேள்விக்கான பதில் அவரிடம் ஒரு வருடமாகத் தயாராக இருந்தது.

"கேட்டிருந்தா நீ இல்லைன்னு சொல்லியிருப்பே, ஆத்தா. இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, அதுக்கப்புறம் எப்படி எங்கிட்ட வருவே? அதான் கேக்கல."

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"கேக்காமயும் வரலையே நன்னா," என்றாள்.

ஒரு வருடமாகச் சரி என்று ஷரீப் வைத்திருந்த ஒன்று அவ்வளவு லேசாகச் சரிந்தது. அவள் குற்றம் சொல்லவில்லை, நடந்ததைத்தான் சொன்னாள். அவர் கையில் எடுத்த சோற்றைத் திரும்ப இலையில் வைத்தார்.

"ஆமா," என்றார் கடைசியில். "அது தப்புத்தேன்."

யாஸ்மின் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவர் யாரிடமும் இப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை.

"இனிமே கேட்டுருவேன்," என்றார்.

"கேளுங்க."

"எதுன்னாலும்?"

"எதுன்னாலும் கேளுங்க நன்னா. சொல்றேன்."

அவர் சொம்பிலிருந்து தண்ணீர் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"சரி. நேத்து டியூசன் ஆறு மணிக்கு முடிஞ்சுச்சு. வீட்டுக்கு நீ வந்தது ஏழேகாலு. எங்க போயிருந்தே?"

முருகம்மாள் சட்டென்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுடைய தோள் குலுங்கியது. யாஸ்மின் நன்னாவைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், தன் இலையைப் பார்த்தாள். காதுமடல் சிவந்தது. எழுந்து ஓடிவிடுவாள் என்றுதான் ஷரீப் நினைத்தார்.

அவள் ஓடவில்லை. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து, மேலே இருக்கிற கொத்தனார்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தி, "அது வந்து, நன்னா..." என்று சொல்லத் தொடங்கினாள்.